அடுத்த தடவை எதைக் கொண்டு வர வேண்டாம்?

பதுளையில் தொடங்கி கொஸ்லந்த வரைக்கும் என் குரல் கேட்காமல் எந்தக் கல்யாணத்திலும் தாலி ஏறியதில்லை.

இது பொய். என் குரல் கேட்டதால் பாதியில் நிற்கப் பார்த்த கல்யாணம் ஒன்று உண்டு, அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மற்றபடி இந்தப் பக்கத்தில் பெரும்பாலான தாலிகள் என் உதவி இல்லாமலே ஏறின. அந்தக் குடும்பங்கள் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் கேள்வி.

என் பெயர் சன்னாசி. பசறை டவுனில் ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சவுண்ட் சர்வீஸ் என்று பெயர்ப்பலகையில் இருந்தாலும், நாற்காலி, கொட்டகைக்குப் போடும் தறப்பாள், அண்டா, விளக்கு எல்லாம் வாடகைக்குக் கொடுப்போம். தேயிலைத் தோட்டத்தில் கல்யாணமோ, பெரிய பிள்ளைச் சடங்கோ, சாவோ, திருவிழாவோ, எங்கள் லொறி ஏறி வர வேண்டும். நான் லொறியின் பின்னால் நாற்காலிகளுக்கு நடுவில் இன்னொரு நாற்காலி மாதிரி உட்கார்ந்து வருவேன்.

இப்போது கடையை நடத்துவது முதலாளியின் மகன் ரகு. போன வாரம் யாரோ ஒருவர் போனில் எங்கள் கடைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அந்த நட்சத்திரத்தைச் சாவு வீட்டுச் செய்தி மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, அப்பா காலத்துல ஆளுங்ககிட்ட எப்படிக் கேட்டீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்க. இவங்க படிக்கட்டும்" என்றார் ரகு.

"நான் எழுதுறதா? எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடக் கூரை ஒழுகும். மழைக்குக்கூட நான் அங்க ஒதுங்குனதில்ல."

"பேசுற மாதிரி எழுதுங்க. பேச்சுல உங்களுக்கு என்ன கொறை?"

குறை இருந்தது. அதுதான் கதையே.

வேலை பழகியதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. சுமந்தேன், இறக்கினேன், கரண்டில் அடி வாங்கினேன். மைக் பிடிக்க வேண்டியவருக்கு ஒரு திருவிழாவில் தொண்டை கட்டிக்கொண்டதால் என் கையில் மைக் வந்தது. பிறகு அதை என்னிடமிருந்து பிடுங்க யாராலும் முடியவில்லை.

முதலாளியைப் பற்றி நிறையச் சொல்லலாம். அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் கையில் ஒரு வயர். உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து உள்ளங்கைக்குச் சுற்றிக்கொண்டே இருப்பார். சுற்றி முடித்தால் பிரித்து மறுபடி சுற்றுவார். ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் நுனியை இழுத்து முடிச்சுப் போடுவார். முடிச்சு விழுந்த பிறகு சாமியே வந்து கேட்டாலும் பேச்சு மாறாது.

லொறி திரும்பி வந்ததும் சாமான்களை முற்றத்தில் இறக்கச் சொல்வார். ஒவ்வொரு நாற்காலியாகக் கவிழ்த்துப் பார்ப்பார். உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

"கால்ல சேறு இருந்தா ஆள் உக்காந்திருக்கான். தூசி மட்டும் இருந்தா மூலையில அடுக்கியே கெடந்திருக்கு. அடுத்த தடவ அந்த வீட்டுக்குக் கொறைச்சு ஏத்து" என்றார்.

அண்டாவின் அடியில் புகை பிடித்திருக்கிறதா, தறப்பாளின் எந்த மூலை கிழிகிறது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். நாற்காலிகளும் அண்டாக்களும் அவரிடம் கோள் சொல்வது மாதிரி இருக்கும்.

சாமான்களைக் கேட்டுவிடலாம். ஆட்களைக் கேட்பதுதான் கஷ்டம். நம் தோட்டத்து ஆட்களிடம் போய், "எல்லாம் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கொட்டகை சரிந்து மாப்பிள்ளை தலையில் விழுந்திருந்தாலும், "ஒரு கொறையும் இல்லீங்க" என்பார்கள். கூடவே ஒரு பிளேன்டீயும் தருவார்கள். அடுத்த கல்யாணத்துக்குப் பதுளையிலிருந்து வேறு லொறி வரும்.

முதலாளி எனக்குச் சொல்லித் தந்த கேள்வி வேறு. "எப்படி இருந்துச்சுன்னு கேக்காத. கேட்டா, கொறை சொல்லச் சொல்றான்னு கூச்சப்படுவாங்க. அடுத்த தடவ எத கொண்டாற வேணாம்னு கேளு. தன் வீட்டுக்கு எது வரணும், எது வரக்கூடாதுன்னு சொல்றதுல யாருக்கும் கூச்சம் இல்ல."

அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஆட்கள் எப்படி மாறிப்போனார்கள்! "அந்த மடக்கு நாக்காலி வேணாங்க, சேலைய கடிக்குது" என்றாள் ஒரு பெண். மடக்கு நாற்காலியை நிறுத்தினோம். "பெரிய ஸ்பீக்கர் பெட்டி ரெண்டும் வேணாம், பக்கத்து லயத்துல பசுமாடு சினையா நிக்குது" என்றார் ஒரு கங்காணி. சின்னப் பெட்டி வாங்கினோம். ஜெனரேட்டர் வேண்டாம் என்றார்கள், தட்டு வேண்டாம் என்றார்கள், வண்ண விளக்கு வேண்டாம், அதற்குப் பதில் கக்கூஸுக்குப் போகும் வழியில் ஒரு சாதா பல்பு போதும் என்றார்கள். அந்த ஒற்றை பல்புக்காகவே எங்களைத் தேடி வந்த வீடுகள் உண்டு.

ரகு கொழும்பில் படித்துவிட்டு வந்த புதிதில் இன்னொரு வழி செய்து பார்த்தார். மேலே துளை போட்ட ஒரு அழகான பெட்டி. அபிப்பிராயத்தை எழுதிப் போடலாம். அதை வைக்கக் கடையில் வேறு இடம் இல்லாமல், முருகன் படத்துக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கொஞ்ச நாள் கழித்துத் திறந்தோம். உள்ளே சில்லறையும் ரெண்டு கற்பூரக் கட்டியும் இருந்தன. ஒரு அம்மா பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என்னிடம் திருநீறு கேட்டிருந்தார். நானும் கொடுத்திருந்தேன்.

எங்கள் எல்லோரையும்விட ரகுதான் அதிகம் சிரித்தார். சில்லறை கோயிலுக்குப் போனது. கேள்வி மறுபடி என் வாய்க்கு வந்தது.

அந்த நேரத்தில்தான் தோட்டத்தின் ஒரு பிரிவான மேமலை டிவிசனில் முருகையாவின் கல்யாணம்.

முருகையா தோட்டத்து பாக்டரியில் வேலை செய்கிற பையன். தங்கச்சி செல்வி குவைத்தில் வீட்டு வேலை. அண்ணன் கல்யாணத்துக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், தங்கள் வாசலில் நின்று எல்லோரையும் கையெடுத்து வரவேற்றார்கள். நான் மைக்கோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

என் வழக்கம் என்னவென்றால், கண்ணில் பட்டது வாயில் வந்துவிடும். நடுவில் எங்கும் நிற்காது. "பசறை மாமா வருகிறார், குடை ஒன்று, ஆள் மூன்று" என்பேன். "சமையல்காரர் உப்புப் பார்க்கிறார், முகம் சரியில்லை" என்பேன். சனங்கள் சிரிப்பார்கள். அன்றைக்கும் சிரித்தார்கள். அந்தத் துணிச்சலில், முருகையாவின் சித்தப்பா இலை முன்னால் உட்காருவதைப் பார்த்தேன். மைக்கில் சொன்னேன்: "மாப்பிள்ளையின் சித்தப்பா அவர்கள் மூன்றாவது பந்தியிலும் அமர்ந்து சமையலுக்குப் பெருமை சேர்க்கிறார்."

அந்த மனிதர் ஹாலிஎலயிலிருந்து பஸ் மாறி மாறி வந்தவர். பிசைந்த சோற்றோடு எழுந்தார். அவரோடு மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் எழுந்தார்கள். முருகையா மாலையோடு ஓடி வந்து சித்தப்பாவின் காலைப் பிடித்தான். சமாதானம் ஆவதற்குள் பாயாசம் ஆறிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, முதல் ரெண்டு பந்தியிலும் அவர் பரிமாறிக்கொண்டிருந்தார். இலையோரத்தில் குனிந்தபோதெல்லாம் நான் அவரைச் சாப்பிட வைத்துவிட்டேன்.

மறுநாள் சாமான் எடுக்கப் போனேன். கேள்வியைக் கேட்க வேண்டியதும் நான்தான்.

"தம்பி, அடுத்த தடவ எத கொண்டாற வேணாம்?"

முருகையா என்னை மேலும் கீழும் பார்த்தான். "உங்களத்தான் மாமா."

முற்றத்தில் முதலாளி வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒரு சாமான் வேணாங்கிறாங்க மொதலாளி."

"என்ன சாமான்?"

"நடமாடுற சாமான்."

அவர் சிரிக்கவில்லை. வேறு வீடுகளையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ரெண்டு மூன்று வீடுகளில், "மைக்ல பேசுறவர் கொஞ்சம் கம்மியா பேசலாம்" என்று சொல்லியிருந்தார்கள். அதையும் நான் ஒளிக்காமல் சொல்லியிருந்தேன், ஏதோ பாராட்டு என்று நினைத்து.

"மடக்கு நாக்காலிய நிறுத்துனோம்ல?" என்றார்.

"ஆமாங்க."

"அது சேலையத்தான் கடிச்சுச்சு. நீ ஆளையே கடிக்கிற."

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

"பாரு சன்னாசி. ரகு பதுளையில ஒரு பையனோட குரல பதிவு பண்ணி வச்சிருக்கான். வணக்கம், வருகன்னு அளவாப் பேசுது. பொங்கல் வரைக்கும் நீ சாமான் ஏத்து, எறக்கு, கேள்விய கேளு. மைக்க தொடாத. பொங்கலுக்குள்ள ஒரு வீடாவது, சன்னாசி வேணும்னு வாய்விட்டுக் கேட்டா பாப்போம். இல்லன்னா மைக்குக்குன்னு தனியா ஒரு ஆள் இந்தக் கடைக்குத் தேவையில்ல."

முடிச்சுப் போட்டார்.

எனக்கு அப்போது முதுகு கூனத் தொடங்கியிருந்தது. ஏற்றி இறக்குவதற்கு என்னைவிட இளவயசுக்காரர்கள் இருந்தார்கள். மைக் போனால் நானும் போக வேண்டியதுதான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று. பேசாமல் இருந்தால் நான் யார் என்று எனக்கே தெரியாது. கல்யாண வீடுகளில் கொட்டகைக் காலுக்குப் பின்னால் நின்று அந்தப் பதிவு செய்த பையனைக் கேட்பேன். நல்ல குரல். ஒரு தப்பும் இல்லை. மணப்பெண் வந்தபோதும் "வருக" என்றது, நாய் உள்ளே வந்தபோதும் "வருக" என்றது.

முதலாளி அந்த நாட்களில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் சொன்னார். "வேணாங்கிறது தெரிஞ்சுடுச்சு. வேணுங்கிறத எப்படித் தெரிஞ்சுக்கிறது? என்ன வேணும்னு கேட்டா, இருக்கிறதத்தான் சொல்லுவாங்க. யார்கிட்ட எத இரவல் வாங்குனீங்கன்னு கேளு. நம்மகிட்ட இல்லாததத்தான் அடுத்த வீட்டுல வாங்கியிருப்பாங்க."

இட்டிலிச் சட்டி, குத்துவிளக்கு, குழந்தைத் தொட்டில் என்று பதில்கள் வந்தன. ஒரு சாவு வீட்டில் மட்டும் வேறு மாதிரி வந்தது. ராசம்மா அக்கா என்று ஒரு கிழவி. புருஷனைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இரவலா? சிக்னலத்தான் இரவல் வாங்குனோம்" என்றார். "லயத்துல போன் எடுக்காது. மக டுபாய்ல இருந்து கூப்புட்டுக்கிட்டே இருந்தா. பேரன் போன தூக்கிக்கிட்டு கோயில் பாறைக்கு ஓடுனான். அங்க போனா சிக்னல் இருக்கு, அப்பன் இல்ல. இங்க வந்தா அப்பன் இருக்கு, சிக்னல் இல்ல. கடைசியில புள்ள பாத்தது வானத்தயும் பேரனோட தாடையயும்தான்."

முதலாளியிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் வயரைச் சுற்றினார், பிரித்தார், சுற்றினார். ரகுதான் பேசினார். "அப்பா, ஒரு ரவுட்டர வாங்கி மைக் கட்டுற மூங்கில்ல உச்சியில கட்டுனா லயத்துக்கே எடுக்கும். போன ஸ்டாண்டுல வச்சு அனுப்பலாம். அந்தப் பக்கம் பேசுறது நம்ம பெட்டியில கேக்கும்."

"கல்யாணத்துக்கா?"

"இல்லப்பா, சாவு வீட்டுக்கு. கல்யாணத்த வீடியோ எடுத்து அனுப்பிக்கலாம். இத அப்புறமா பாக்க முடியாது."

முதலாளி முடிச்சுப் போட்டார். அந்த யோசனை முழுக்க ரகுவுடையது. நான் மூங்கில் வெட்டினேன், அவ்வளவுதான்.

மார்கழி மாதம், ஒரு நாள் காலையில் கடைக்குப் போன் வந்தது. மேமலையில் முருகையாவின் அம்மா தவறிவிட்டார். முந்தின வாரம் வரைக்கும் கொழுந்து பறிக்கப் போன மனுஷி. தறப்பாள் ரெண்டு, நாற்காலி, சின்னப் பெட்டி ஒன்று, செல்வி பார்ப்பதற்கு அந்தப் புது வசதி. எல்லாம் சொல்லிவிட்டு முருகையா கடைசியாக ஒன்று சொன்னானாம். ரகு தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார். "மாமா, நீங்க வரலாமாம். மைக்க மட்டும் தொடக்கூடாதாம்."

"மைக்கும் என்ன தொடாது, சொல்லுங்க" என்று லொறியில் ஏறினேன்.

மேமலையில் மழைத் தூறலும் மூடுபனியும். மூங்கிலை நட்டு ரவுட்டரை உச்சியில் கட்டி, நனையாமல் இருக்க ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்தோம். லயத்து இஸ்தோப்பில், அந்த முன்திண்ணையில், அம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள். ரகு போனை ஸ்டாண்டில் வைத்து அழைத்தார். செல்வியின் முகம் வந்தது. குவைத்து வீட்டின் சாமான் அறை போல இருந்தது. பின்னால் அரிசி மூட்டைகளும் எண்ணெய் டின்களும். தலையில் முக்காடு. "அம்மா" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாள். அது பெட்டி வழியாக லயம் முழுவதும் கேட்டது. தப்படித்துக்கொண்டிருந்தவர்கள் தாமாகவே நிறுத்தினார்கள்.

பனி இறங்க இறங்கப் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. ரகு போனைத் தட்டினார், தூக்கினார், மூங்கிலை அசைத்தார். குரல் மட்டும் வந்தது.

"அண்ணே, எனக்கு ஒண்ணுமே தெரியலண்ணே. படம் நின்னுடுச்சு. அம்மாவ உள்ள கொண்டு போயிட்டீங்களா? யாராச்சும் சொல்லுங்க."

முருகையா போனுக்கு முன்னால் போய் நின்றான். வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது. வீட்டில் யாரைப் பார்த்தாலும் அதே நிலைமை. ரகுவுக்கோ அந்த வீட்டில் யார் யார் என்று தெரியாது.

"யாராச்சும் பேசுங்க" என்றாள் செல்வி மறுபடி.

நான் முருகையாவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு அடி தள்ளி நின்றான். அந்த ஒரு அடி இடத்தில் நான் போய் நின்றேன்.

"பாப்பா, நான் பேசுறேன். சவுண்ட் சர்வீஸ் சன்னாசி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "யாரு, அந்த மூணாவது பந்தி மாமாவா?"

பெட்டி வழியாக லயம் முழுக்கக் கேட்டது. என் மானம் குவைத்து வரைக்கும் போயிருந்தது. அங்கேயே பள்ளம் தோண்டியிருந்தால் நான் முதலில் இறங்கியிருப்பேன்.

"ஆமாம்மா. அந்த நாய்தான்."

"அப்படிச் சொல்லாதீங்க மாமா. அம்மா போன்ல அத சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அன்னைக்கு எல்லாரும் கோவத்துல இருந்தப்ப, குசினிக்குள்ள அடுப்புப் பக்கம் போயி வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்களாம். எனக்குக் கல்யாணமே கண்ணுல தெரிஞ்சுச்சு."

முருகையாவுக்கு இது தெரியாது. அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"சொல்லுங்க மாமா. அம்மா எப்படி இருக்காங்க?"

நான் கல்யாண வீட்டில் பேசின மாதிரி பேசவில்லை. ஆனால் பேசியது அதே வாய்தான், கண்ணில் பட்டதைச் சொல்லுகிற வாய். "இஸ்தோப்புலதான் இருக்காங்க. தலை தெற்க பாத்து. நெத்தியில பெரிய பொட்டு. மூக்குத்தி இருக்கு. உங்க அப்பா தலைமாட்டுல உக்காந்திருக்காரு. யாரோ பிளேன்டீ குடுத்திருக்காங்க, குடிக்காம கையில வச்சிருக்காரு. இப்ப உன் குரல் கேட்டு பெட்டிய பாக்குறாரு."

"அப்பா, குடிங்கப்பா" என்றாள்.

"குடிக்கிறாரு."

"அம்மா கை எப்படி இருக்கு மாமா?"

நான் குனிந்து பார்த்தேன். "வெரல்ல கொழுந்துக் கறை அப்படியே இருக்கும்மா. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்துப் போயிருக்கு."

"குளிப்பாட்டுறப்ப அத தேய்க்க வேணாம்னு சொல்லுங்க."

நான் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. முருகையாவின் மனைவி கையில் தேங்காய் நாரோடு நின்றிருந்தாள். அதைக் கீழே போட்டுவிட்டாள்.

சேலையை மறைப்பாகப் பிடித்துப் பெண்கள் குளிப்பாட்டியபோது, தண்ணீர்ச் சத்தத்தைச் சொன்னேன். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்தபோது நிறத்தைச் சொன்னேன்: பச்சை, மஞ்சள் கரை. "அம்மாவுக்குப் பச்ச புடிக்கும்" என்றாள். யார் யார் வந்தார்கள் என்று கேட்டாள். வந்தவர்களைச் சொன்னேன். ஹாலிஎல சித்தப்பாவும் வந்திருந்தார். அவர் எனக்குப் பின்னால் நின்று, "நானும் வந்திருக்கேன்னு சொல்லுய்யா" என்றார். "உங்க சித்தப்பா நிக்கிறாரும்மா, காலையில இருந்து ஒண்ணும் சாப்புடல" என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். அடிக்கத்தான் வைக்கிறார் என்று நினைத்தேன். கையை எடுக்கவே இல்லை.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது.

"மாமா, என் கையில அரிசி இருக்கு" என்றாள் செல்வி. "மேடம் வீட்டு பாஸ்மதி. பரவாயில்லையா?"

எனக்கு என்ன தெரியும்? கூட்டத்தில் ஒரு வயசான பெண், "எந்த அரிசியா இருந்தா என்ன, போடச் சொல்லுங்க" என்றார்.

"போடும்மா. இப்ப உங்க அண்ணன் போடுறாரு. அது அவரோடது." முருகையா மறுபடி குனிந்து அள்ளினான். "இது உன்னோடது. அம்மா வாய்கிட்ட கொண்டு போறாரு. போட்டுட்டாரு."

அந்தப் பக்கம் தரையில் அரிசி விழும் சத்தம் பெட்டியில் கேட்டது. மெல்லிய சத்தம்தான். மழை என்று நினைத்துச் சிலர் மேலே பார்த்தார்கள்.

தூக்கினார்கள். நான் போனை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தேன். கடைசி லயம் வரைக்கும்தான் ரவுட்டர் எடுக்கும், அங்கே நின்று பார்த்ததைச் சொன்னேன். "கோயிலத் தாண்டிட்டோம். இப்ப கொழுந்து மலைக்குள்ள எறங்குறாங்க. ரெண்டு பக்கமும் பொம்பளைங்க கூடைய எறக்கி வச்சுட்டு நிக்கிறாங்க. கித்துல் மரத்து வளைவுல திரும்பப் போறாங்க. இதுக்கு மேல எனக்கு எடுக்காதும்மா."

"போதும் மாமா. பாத்துட்டேன்" என்றாள். பிறகு தூரத்தில் யாரோ அரபியில் கூப்பிட்டார்கள். "மேடம் கூப்புடுறாங்க. வச்சுடுறேன்."

ரெண்டு நாள் கழித்துச் சாமான் எடுக்கப் போனேன். எத்தனையோ வீட்டில் கேட்ட கேள்விதான். அன்றைக்கும் அதையே கேட்டேன்.

"தம்பி, அடுத்த தடவ எத கொண்டாற வேணாம்?"

முருகையா யோசித்தான். "நாக்காலி கொஞ்சம் அதிகம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

நான் ஒரு நாற்காலியைத் தூக்கினேன், வைத்தேன், மறுபடி தூக்கினேன்.

"மாமா, தங்கச்சி கூப்புட்டா" என்றான் அவன். "உங்க நம்பர் வேணுமாம். இன்னொரு தடவ மொதல்ல இருந்து சொல்லணுமாம். நாங்க சொன்னா சரியா வரல. நாங்க அழுதுக்கிட்டு இருந்தோம், ஒண்ணும் பாக்கல. எங்களுக்கும் சேத்து நீங்கதான் பாத்திருக்கீங்க." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் கேக்கணும்" என்றான்.

கோயில் பாறையில் ஏறி உட்கார்ந்து செல்விக்கு முதலிலிருந்து சொன்னேன். முருகையாவும் அவன் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்.

முதலாளி நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டே என் விவரத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த நாற்காலியைக் கவிழ்த்தார். பொங்கலுக்கு முந்தின நாள், முருகையா வேறொரு வீட்டுக்காரரைக் கடைக்குக் கூட்டி வந்தான். அவர்கள் வீட்டில் தாத்தா தவறிவிட்டார். பேரன் கொரியாவில். "அந்தப் படம் இல்லாட்டியும் பரவாயில்லீங்க. பேசுற மாமா வருவாரா?" என்று அவர் கேட்டார்.

முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்தார். "கல்யாணத்துக்கு நீ வேணாம். அதுல மாத்தமில்ல. சாவு வீட்டுக்கு நீ இல்லாம இனி லொறி கெளம்பாது." முடிச்சுப் போட்டார். என்னை மாதிரி ஊரார் செத்தால் மட்டும் மதிப்பு வருகிற மனிதன் பசறையில் இன்னொருவன் இருக்க மாட்டான்.

ஆக, புதிதாக வந்தவர்களே, அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்து அழாதீர்கள். போட்டவரின் வீட்டைக் கண்டுபிடியுங்கள். போய் எதை வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். அவர் உங்களையே வேண்டாம் என்றாலும் அதைக் கடையில் வந்து அப்படியே சொல்லுங்கள். பிறகு என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கொரியாப் பையனின் கதையைச் சொல்கிறேன். அவனுடைய தாத்தா சாவில் நடந்தது மேமலையைவிடக் கஷ்டம். பையனுக்கும் தாத்தாவுக்கும் நாலு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. நான் போனை எடுத்ததும் அவன் முதலில் கேட்டது, "எங்க தாத்தா சட்டைப் பையில பாருங்க, அதுல ஒரு" என்று

வாசலில் லொறி ஹோர்ன் அடிக்கிறது. ரகு ஓடி வருகிறார்.

"மாமா, எழுதுனது போதும், எந்திரிங்க. கொஸ்லந்த பக்கம் ஒரு வீடு. மக கட்டார்ல."

"நான் ஓய்வு தம்பி. மறந்துட்டீங்களா?"

"அவங்களுக்கு அது தெரியல. போன்ல சாமான் சொன்னாங்க. தறப்பாள் ரெண்டு, நாக்காலி இருபத்தஞ்சு, சின்னப் பெட்டி ஒண்ணு, சன்னாசி மாமா ஒண்ணு."